பூட்டுகள் பூஜையில் இருந்த நாள்

இதைக் கணினியில் ஏற்றப்போகிறவர் யாராக இருந்தாலும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து ஈரக் களத்தில் கோழி நடந்த மாதிரி இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்கிற குழப்பம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் தீராமலே போனது. எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.

நான் வேலை பார்த்த அரிசி ஆலையில் இரண்டாவது ரோபோ வைக்கப்போகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கிறது, வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நெல் தூசியால் மூச்சு இழுக்க ஆரம்பித்து வேலையிலிருந்து முன்கூட்டியே விலகிய பிறகு எனக்கு நிறைய நேரம் இருந்தும், பேனாவை எடுக்க மனம் வரவில்லை.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது ஆலை. மூட்டை தூக்குகிற ஆளாகத்தான் அதற்குள் நுழைந்தேன். நெல் மூட்டை, பிறகு அரிசி மூட்டை, பிறகு தவிட்டு மூட்டை என்று என் தோளில் எல்லாம் ஏறி இறங்கின. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா நாளும் ஒரே நாள் மாதிரி இருந்தது.

பிறகு முதலாளி ரோபோ வாங்கினார். தைத்து வருகிற அரிசிப் பைகளைப் பிடித்து மரத்தட்டின் மேல் அடுக்குகிற ஒற்றைக் கை. சுற்றிலும் மஞ்சள் கம்பிவலைக் கூண்டு. அதை ஓட்டவும் துடைக்கவும் எங்களில் சிலரைப் பொறுக்கினார்கள். நான் ஒருவன். கலியபெருமாள் இன்னொருவன். நானும் அவனும் ஒரே ஊர், ஒரே வயது. நான் பேசாததையும் சேர்த்து அவன் பேசுவான். என்னை "ஊமைக் கோட்டான்" என்றுதான் கூப்பிடுவான்.

அந்தக் கை வேலை செய்வதை முதன்முதலில் பார்த்த காலை நேரம் எனக்கு அப்படியே இருக்கிறது. கிழக்குப் பக்கத்து ஜன்னலில் வெயில் விழுந்து, தவிட்டுத்தூள் காற்றில் பொன்னிறமாக மிதந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் நெல் அவிகிற வாசனை. அந்த மூட்டத்துக்குள் கை மெல்லக் குனிந்தது, பையை எடுத்தது, திரும்பியது, வைத்தது. உழுத வயலில் கொக்கு நின்று நின்று குனிவது போல இருந்தது. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. என் தோள் தானாகத் தளர்ந்தது. இனி அது தூக்கும், நான் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று ஒரு தூக்கம் மாதிரி வந்தது.

"அண்ணே, அது அழகாத்தான் இருக்கு. அதுதான் அதுல பயம்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஜமால் சார்.

அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடா நாட்டுத் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்களைவிட வயதில் சின்னவர், எங்கள் எல்லோரையும் அண்ணே என்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கூண்டுப் பக்கம் போவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், மோதிரத்தைக் கழற்றுவார், கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பைக்குள் போடுவார். நாங்கள் தோளில் கிடக்கும் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு வரும்வரை எதிரே நின்று காத்திருப்பார். கழற்றுங்கள் என்று சொல்லமாட்டார். காத்திருப்பார், அவ்வளவுதான்.

பயிற்சியின் முதல் பாடம் விசித்திரமாக இருந்தது. கையை நிறுத்தச் சொன்னார். கூண்டுக்கு வெளியே எங்களை வரிசையாக உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கம்ப்ரசர் ஓட்டமும் நின்றிருந்தது. ஆலையே ஆழத்துக்குள் போய்விட்ட மாதிரி அமைதி. பிறகு குழாய்க்குள்ளிருந்து காற்று கசிகிற மெல்லிய சத்தம் கேட்டது, யாரோ பக்கத்தில் படுத்துத் தூங்குவது போல.

"நின்னுடுச்சுன்னுதானே நெனச்சீங்க," என்றார். "நிக்கல. தூங்குது. இப்பக் கண்ணத் தொறந்து விரலப் பாருங்க."

பையைப் பிடிக்கிற இரும்பு விரல்கள் காற்று இறங்க இறங்க, கூம்பிய பூ அவிழ்வது போலத் தானாக விரிந்துகொண்டிருந்தன. யாரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

அதன் பிறகுதான் பூட்டுகளைக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, ஒரே ஒரு சாவி. பூட்டோடு நம் புகைப்படம் ஒட்டிய அட்டை தொங்கும்.

"போட்டோவச் செவுத்துல மாட்டுனா அடுத்து மாலையும் போட்டுருவாய்ங்க சார்," என்றான் கலியபெருமாள்.

"அது வேணாங்குறதுக்குத்தான் இதை மாட்டச் சொல்றேன்," என்றார் சார்.

முறை இதுதான். கூண்டுக்குள் போகவேண்டுமென்றால் முதலில் கையை நிறுத்த வேண்டும். பிறகு பேனலில் இருக்கும் சிவப்புக் கைப்பிடியைக் கீழே இறக்க வேண்டும். மின்சாரம் போய்விடும். கைப்பிடியில் பல ஓட்டைகள் உள்ள ஒரு கொக்கி மாட்டி, உள்ளே போகும் ஒவ்வொருவரும் அதில் தன் பூட்டைப் போட வேண்டும். காற்றுக் குழாயின் திருகையும் மூடிப் பூட்ட வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை வெளியே விட வேண்டும். கடைசியாக, வெளியே நின்று பச்சைப் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். கை அசையக் கூடாது. அதற்கப்புறம்தான் கதவு. வேலை முடிந்ததும் அவரவர் பூட்டை அவரவர்தான் எடுக்க வேண்டும். ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் கைப்பிடி மேலே ஏறாது.

ஒருநாள் கலியபெருமாள் தன் பூட்டை எடுக்காமலே டீ குடிக்கப் போய்விட்டான். போகிற போக்கில் சாவியை என்னிடம் எறிந்துவிட்டுப் போனான். வாசலில் லாரிகள் நின்றன. குமாஸ்தா கையைப் பிசைந்தார். நான் சாவியைச் சாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அவர் வரட்டும்ணே."

"கடைக்குத்தான் சார் போயிருக்கான். இந்தா எதிர்லயே தெரியுறான்."

"தெரியட்டும். டீ குடிச்சுட்டு வரட்டும்."

கலியபெருமாள் டீ குடித்து, வெற்றிலை போட்டு, யாரிடமோ கதை பேசி முடித்து வரும்வரை ஆலை அப்படியே நின்றது. வந்தவனைச் சார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை நான் அவன் கையில் கொடுத்தேன், அவன் பூட்டை எடுத்தான். லாரிக்காரர்கள்தான் அவனுக்கு வேண்டியதைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

இப்போது அந்த ஆயுத பூஜையைச் சொல்கிறேன்.

குறுவை அறுவடை முடியும் பருவம். ஈர நெல் வந்து குவிந்து கிடந்தாலும் அன்றைக்கு ஆலை ஓடாது. காலையிலேயே எல்லோரும் வந்து இயந்திரங்களைத் துடைத்தோம். ரோபோவையும் முறைப்படி பூட்டுப் போட்டுத்தான் துடைத்தோம். அதன் முழங்கைக்கு மேல் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு சாமந்தி மாலை போட்டோம். கதவைச் சாத்தி, பூட்டுகளை எடுத்தோம்.

எங்கள் பக்கம் வழக்கம், வேலைக்கு உதவுகிற சாமான் எதுவோ அதெல்லாம் அன்றைக்குச் சாமி முன்னால் போக வேண்டும். சுத்தியல், திருப்புளி, சாக்குத் தைக்கும் ஊசி, குமாஸ்தாவின் பேனா எல்லாம் போயின. அப்போது யாரோ, "பூட்டும் நம்ம ஆயுதந்தானே," என்றார்கள். சரிதானே என்று எல்லோருக்கும் பட்டது. தினமும் உயிரைக் காக்கிற பொருள். அதை விட்டுவிட்டு ஊசிக்குப் பூஜை செய்வதா. பூட்டுகளைக் கழுவித் துடைத்துப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தோம். ஜமால் சாரிடமும் கேட்டோம். அவர் தன் பூட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கூண்டைச் சுற்றி வாழைமரம், தென்னங்குருத்து, மாவிலை கட்டியிருந்தார்கள். கம்பிவலையே தெரியவில்லை. பச்சைப் பந்தல் ஒன்று நடுக்கூடத்தில் முளைத்த மாதிரியும், அதற்குள்ளிருந்து ரோபோவின் கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. மாலையோடு அது தேரில் ஏறி நிற்கிற உற்சவர் மாதிரித் தெரிந்தது. முதலாளி வீட்டு ஆட்கள், பட்டுப் பாவாடைக் குழந்தைகள், பொரி, கடலை, சாம்பிராணிப் புகை. எல்லோரும் வெறுங்காலோடு நின்றோம். இயந்திரம் ஓடாத அந்தக் கூடத்தில் பேச்சுச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. நான் வழக்கம்போலக் கூட்டத்துக்குக் கடைசியில் நின்றேன். கூண்டின் கதவு எனக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது.

தீபாராதனை முடிந்ததும் நல்ல நேரத்தில் ஒரே ஒரு பையை ரோபோ எடுத்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலாளியின் அப்பா, நாங்கள் பெரியவர் என்று சொல்வோம், அவர்தான் பொத்தானை அமுக்குவார். எலக்ட்ரீசியன் போய்க் கைப்பிடியை மேலே ஏற்றினார். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். மூடியிருந்தது. பேனலில் சிவப்பு விளக்கு மினுக்கியது. கதவைத் திறந்து மூடினால் அப்படித்தான் மினுக்கும். காலையில் துடைத்தபோது திறந்ததுதானே என்று நினைத்து அவர் ரீசெட் அமுக்கினார். விளக்கு பச்சையானது. அவர்மேல் தப்பு சொல்லமுடியாது. வாழை இலைக்குள் அவரால் என்ன பார்க்கமுடியும்.

"நல்ல நேரம் முடியப்போவுது, சீக்கிரம் ஆகட்டும்," என்றார் பூஜை செய்தவர்.

"பூசணிக்கா ஒடைக்க கலியபெருமாள எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவன் பொரி மூட்டைகிட்ட நிப்பான்," என்றார் குமாஸ்தா. சிரித்தார்கள்.

நான் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணைந்துவிடக் கூடாது என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். சுடர் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பார்த்துப் பார்த்துக் கண் சொக்கியது. அப்படியே பார்வையை மேலே உயர்த்தினேன். இலைகளுக்கு மேலே ரோபோவின் முழங்கையில் அந்தச் சாமந்தி மாலை ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்சம்தான். ஊஞ்சலை விட்டு இறங்கிய பிறகு ஆடுகிற மாதிரி. நான் கனவில் பார்ப்பதுபோல அதைப் பார்த்தேன். சுடர் அசையவில்லை, மாலை மட்டும் ஆடுகிறது. அதை எனக்கு நானே வார்த்தையாகச் சொல்லிக்கொள்வதற்குள் பெரியவரின் விரல் பொத்தானை நோக்கிப் போயிருந்தது.

கத்தியிருக்க வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர் முன்னால் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கை கதவுப் பிடியில் இருந்தது. இழுத்தேன். தோரணம் அறுந்து விழுந்தது. கதவைத் திறந்து வாசலில் நின்றுகொண்டேன். கதவு திறந்திருந்தால் ரோபோ ஓடாது.

பெரியவர் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். வாழைமரத்துக்கு நடுவே நான் நிற்கிறேன்.

"என்னடா இது?" என்றார் முதலாளி. கோபம் என்றுகூடச் சொல்லமுடியாது. புரியாமல் கேட்டார். "நல்ல காரியம் நடக்குற நேரத்துல என்னடா பண்ற?"

நான் ஜமால் சாரைப் பார்த்தேன். பேனலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஒதுங்கி நின்றிருந்தவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"கோவிந்தராசுண்ணே. உள்ள ஆளா?"

தெரியாது என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாதுதான். நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேனோ.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கைப்பிடியைக் கீழே இறக்கினார். பூட்டு இல்லை. அதனால் அந்தக் கைப்பிடியைத் தன் கையாலேயே இறுகப் பிடித்துக்கொண்டு, பேனலுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். இன்னொருத்தர் ஏற்ற வேண்டுமென்றால் அவரைத் தள்ளிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

எனக்குப் பின்னால் மரத்தட்டுகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. கலியபெருமாள் வந்தான். கையில் கொஞ்சம் உதிரிப்பூ.

"மாலை கோணிக்கிட்டு கெடந்துச்சு, சரி பண்ணுனேன். பூவு கொட்டிருச்சு, அதப் பொறுக்கிக்கிட்டு இருந்தேன்," என்றான். "புள்ளைங்க ஓடியாரும்னு கதவச் சாத்திக்கிட்டேன். என்ன, எல்லாரும் என்னயவே பாக்குறீங்க? பூசணிக்கா ஒடைச்சாச்சா?"

அவன் பெரியவரின் விரலைப் பார்த்தான். அது இன்னும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிறகு மேலே அந்தக் கையைப் பார்த்தான். பூவைக் கீழே போடவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் நின்றான்.

"பூட்டு ஒண்ணு வேணுங்கய்யா," என்றார் ஜமால் சார், கைப்பிடியை விடாமல்.

பூஜை செய்தவர் தயங்கினார். "நாளைக்குத்தாங்க தட்டுல கை வைக்கணும். இப்பத்தான் தீபாராதனை காட்டிருக்கு."

ஜமால் சார் கைப்பிடியை விடவில்லை. நாளைக் காலை வரை நிற்கச் சொன்னாலும் நிற்கிறவர்தான் என்று எங்களுக்குத் தெரியும். பெரியவர் மெல்ல நடந்துபோனார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, தாம்பாளத்திலிருந்து சந்தனம் குங்குமத்தோடு ஒரு பூட்டை எடுத்தார். அட்டையில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். கலியபெருமாளின் பூட்டு. அவனிடமே கொடுத்தார். "நீயே போடுப்பா," என்றார். கொக்கியின் ஓட்டை அவனுக்கு உடனே கிடைக்கவில்லை. ஜமால் சார் பொறுமையாகக் காத்திருந்தார். பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவர் கை கைப்பிடியை விட்டது. உள்ளங்கையில் கோடு பதிந்திருந்தது.

நல்ல நேரம் போய்விட்டது. அன்றைக்கு ரோபோ ஓடவில்லை. சகுனத்தடை என்று சிலர் முணுமுணுத்தார்கள். பெரியவர் காதில் அது விழுந்தது. "ஆள் நல்லா இருக்கான், நேரமும் நல்ல நேரந்தான்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

மறுநாள் எங்களை உட்காரவைத்து ஜமால் சார் பேசினார். "பூட்ட வாங்கி வைக்கயில நான் யோசிச்சிருக்கணும். மரியாதைன்னு நெனச்சுக் குடுத்துட்டேன். மரியாதைதான். ஆனா அது தொங்குற எடத்துல வச்சுச் செஞ்சிருக்கணும்." அடுத்த வருடத்திலிருந்து ஒரு பூட்டும் தட்டுக்குப் போகவில்லை. பூஜை முடியும்வரை கைப்பிடியில் எல்லார் பூட்டும் கொத்தாகத் தொங்கும். தீபத்தட்டு அங்கே போகும். சந்தனமும் அங்கேயே. வாழைமரத்தைக் கூண்டில் கட்டாமல் கூடத்து வாசலில் கட்டினோம். இதெல்லாம் இப்போது உங்களுக்கு விதியாகச் சொல்லித் தரப்படும். ஏன் வந்தது என்று தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு சில நாள் கலியபெருமாள் யாரையும் கிண்டல் செய்யவில்லை. ஆலையில் அவன் குரல் இல்லாதது, ஓடுகிற இயந்திரம் ஒன்று நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஒரு சாயங்காலம் எதிர்க்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன். என்னய உள்ள பாத்தியா நீ?"

"இல்ல."

"சத்தம் கித்தம் கேட்டுச்சா?"

"இல்ல. மாலை ஆடுச்சு."

நாற்றுக்கட்டு ஏற்றிய வண்டி ஒன்று போனது.

"மாலை ஆடுனதுக்கா அத்தன பேரு முன்னால போயி நின்ன? அதுவும் நீயி? உள்ள ஆளே இல்லன்னு வச்சுக்க. ஆலையே சிரிச்சிருக்குமேடா."

"சிரிச்சிருக்கும்," என்றேன். "நீயும் கூட நின்னு சிரிச்சிருப்ப."

ஆடி மாதம் பத்தொன்பதாம் நாள், பெருக்குக்கு மறுநாள் மத்தியானம் எழுதி முடித்தேன்.